கேட்பதற்கு முன்பே தீர்ப்பான ஆல்பம்

2007 பிப்ரவரி 11 இரவு, லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த கிராமி விழாவில் டெக்சாஸைச் சேர்ந்த மூன்று பெண்கள் ஐந்து பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டிருந்தார்கள். ஐந்தையும் வென்றார்கள். ஆண்டின் சிறந்த ஆல்பம், சிறந்த ஒலிப்பதிவு, சிறந்த பாடல் என்ற மூன்று பெரிய விருதுகளும் ஒரே இரவில் ஒரே கைக்குப் போனது, 1993-இல் எரிக் கிளாப்டனுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. குழுவின் பெயர் டிக்சி சிக்ஸ். ஆல்பத்தின் பெயர் ‘டேக்கிங் த லாங் வே’. அமெரிக்க நாட்டுப்புற மரபில் வளர்ந்த கன்ட்ரி இசையில் சிறந்த ஆல்பத்துக்கான விருதும் அதற்கே கிடைத்தது.

அதற்கு மூன்று மாதம் முன்னால் நாஷ்வில்லில் கன்ட்ரி இசைச் சங்கம் தன் ஆண்டு விருதுகளை வழங்கியது. அங்கே இந்த ஆல்பத்துக்கு ஒரு பரிந்துரைகூட இல்லை. ஆல்பத்திலிருந்து முதலில் வெளியிட்ட பாடலான ‘நாட் ரெடி டு மேக் நைஸ்’ கன்ட்ரி வானொலிப் பட்டியலில் 36-ஆம் இடத்தைத் தாண்டவே இல்லை. அந்த வருடத்தின் மிகச் சிறந்த கன்ட்ரி ஆல்பம் என்று ஓர் ஊர் கொண்டாடியது. கன்ட்ரி இசையின் சொந்த ஊரோ அதைக் கண்டுகொள்ளவில்லை.

நான் இந்த ஆல்பத்தைப் பல வருடங்களாகக் கேட்டுவருகிறேன். அமெரிக்க கன்ட்ரி இசையில் ஆர்வமுள்ள நண்பர்களிடம் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் ‘அந்த அரசியல் ஆல்பம்தானே?’ என்றுதான் பெரும்பாலும் பதில் வருகிறது. பதினான்கு பாட்டுள்ள ஓர் ஆல்பத்துக்கு அந்த ஒற்றைச் சொல் எப்படி ஒட்டிக்கொண்டது என்பதைக் கொஞ்சம் பின்னால் போய்த்தான் விளக்க முடியும்.

டிக்சி சிக்ஸ் 1989-இல் டாலஸ் நகரில் தொடங்கிய குழு. மார்ட்டி, எமிலி என்ற சகோதரிகள் அதன் முதுகெலும்பு. மார்ட்டி வாசிப்பது ஃபிடில். நம் வயலின்தான், ஆனால் துள்ளலான நடன இசைக்கு வாசிக்கும் முறையில். எமிலிக்கு பாஞ்சோ. 1995-இல் லப்பக் என்ற மேற்கு டெக்சாஸ் ஊரிலிருந்து நேட்டலி மெய்ன்ஸ் பாடகியாக வந்து சேர்ந்தார். அவருடைய அப்பா லாயிட் மெய்ன்ஸ், ஸ்டீல் கிட்டாரில் பெயர் வாங்கிய கலைஞர். நேட்டலி வந்த பிறகு குழுவின் தலையெழுத்தே மாறியது. 1998-இலும் 1999-இலும் வந்த இரண்டு ஆல்பங்களும் அமெரிக்காவில் தலா ஒரு கோடிக்கு மேல் போயின. 2002-இல் ‘ஹோம்’ வந்தது. டிரம்ஸே இல்லாமல், மரக்கருவிகளின் ஒலியை மட்டும் நம்பிச் செய்த ஆல்பம். பாப்பை நோக்கிச் சாய்ந்துகொண்டிருந்த நாஷ்வில்லுக்கு மத்தியில் பழைய மண்வாசனைக்குத் திரும்பியது. அதையும் ரசிகர்கள் லட்சக்கணக்கில் வாங்கினார்கள். 2003 ஜனவரியில் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் மேடையில் தேசிய கீதம் பாட இவர்களைத்தான் அழைத்தார்கள். அமெரிக்காவின் செல்லப் பிள்ளைகள் என்றால் அப்போது இவர்கள்தான்.

இங்கே கன்ட்ரி ரசிகர்களைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ராக் ரசிகருக்குத் தன் பாடகர் எட்டாத உயரத்தில் இருக்கலாம். கன்ட்ரி ரசிகருக்கு அப்படி இருக்கக் கூடாது. பாடகர் நம்ம ஊர்ப் பையன், நம்ம வீட்டுப் பெண். நாஷ்வில்லில் வருடந்தோறும் நடக்கும் ரசிகர் திருவிழாவில் பெரிய நட்சத்திரங்கள் மேசை போட்டு உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள். 1996-இல் கார்த் புரூக்ஸ் அறிவிப்பு எதுவும் இல்லாமல் அங்கே வந்து 23 மணி நேரத்துக்கு மேல் இடைவிடாமல் கையெழுத்துப் போட்டார். அப்போது அவர் நாட்டிலேயே அதிகம் விற்கும் பாடகர்களில் ஒருவர். அந்தச் சம்பவத்தை இன்றும் கன்ட்ரி ரசிகர்கள் ஒரு உறவுக்காரரின் பெருந்தன்மையைச் சொல்வதுபோலச் சொல்கிறார்கள். உறவென்று ஆகிவிட்டால் அதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. வெளியாள் திட்டினால் கோபம் வரும், போகும். வீட்டுப் பெண் வெளியூரில் போய் வீட்டைப் பற்றிப் பேசிவிட்டாள் என்றால் அந்தக் கோபம் வேறு மாதிரி. அது வருடக்கணக்கில் ஆறாது.

அதுதான் நடந்தது. 2003 மார்ச் 10, லண்டனில் ஷெப்பர்ட்ஸ் புஷ் எம்பயர் அரங்கம். ஈராக் போர் தொடங்க இன்னும் பத்து நாள்தான் இருந்தது. பாடல்களுக்கு நடுவே நேட்டலி கூட்டத்தைப் பார்த்துச் சொன்னது ஏறத்தாழ இதுதான்: நாங்கள் உங்கள் பக்கம்தான், இந்தப் போரும் வன்முறையும் எங்களுக்கு வேண்டாம், அமெரிக்க அதிபர் டெக்சாஸ்காரர் என்பதில் எங்களுக்கு வெட்கம். கூட்டம் கைதட்டியது. பிரிட்டனின் ‘கார்டியன்’ நாளிதழில் வந்த கச்சேரி விமர்சனத்தில் அந்தக் கடைசிப் பகுதி மட்டும் இடம்பெற்றது. அமெரிக்கச் செய்தி நிறுவனங்கள் அதை எடுத்துக்கொண்டன. சில நாட்களிலேயே நேட்டலி, அதிபர் பதவிக்கு உரிய மரியாதையைத் தான் தரவில்லை என்று மன்னிப்புக் கேட்டார். அது எடுபடவில்லை.

அன்றைய கோபத்தில் சொல்லுக்கு நிகராக இடமும் எரிந்தது. டெக்சாஸில் நின்று சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்போம், வெளிநாட்டு மேடையில் ஏன் என்று கேட்டவர்கள் ஏராளம். போருக்கு ஆதரவாக நின்றவர்கள் பலரின் பிள்ளைகளே வளைகுடாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய வலியை வெறும் அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை, அவர்கள் பின்னால் செய்த பலவற்றை ஏற்க முடியாவிட்டாலும்.

பின்னால் நடந்தது வேகமாக நடந்தது. இவர்களுடைய ‘லேண்ட்ஸ்லைட்’ பாடல் அமெரிக்கப் பொதுப் பட்டியலில் ஒரே வாரத்தில் 10-இலிருந்து 43-க்கு விழுந்தது. அதைவிட மனதைப் பிசைவது ‘ட்ராவலிங் சோல்ஜர்’ பாடலின் கதி. வியட்நாமுக்குப் போகும் ஓர் இளம் சிப்பாய், அவனுடைய கடிதங்களுக்காகக் காத்திருக்கும் பள்ளிப் பெண், திரும்பி வராத அவன். சிப்பாய்க் குடும்பங்களுக்காகவே எழுதியதுபோன்ற பாட்டு. அந்தச் சமயத்தில் அது கன்ட்ரி பட்டியலின் உச்சியில் இருந்தது. சிப்பாய்களின் பெயரால் அந்தப் பாட்டை வானொலியிலிருந்து இறக்கினார்கள். லூசியானாவின் போசியர் சிட்டியில் இவர்களுடைய சிடிகளைத் தரையில் பரப்பி டிராக்டரை ஏற்றி நொறுக்கினார்கள். க்யூமுலஸ் என்ற நிறுவனம் தன் 42 கன்ட்ரி நிலையங்களிலும் ஒரு மாதம் இவர்களின் பாட்டைத் தடை செய்தது. தென் கரோலைனா சட்டமன்றக் கீழவை மன்னிப்புக் கோரித் தீர்மானம் போட்டது. ஜூலையில் டாலஸ் கச்சேரிக்கு முன் நேட்டலியைச் சுட்டுக் கொல்வோம் என்று நாளும் இடமும் குறித்து மிரட்டல் வந்தது. மேடையேறிப் பாடிவிட்டு, காவல்துறைப் பாதுகாப்போடு நேராக விமான நிலையம் போனார்கள்.

வானொலியைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும், ஏனென்றால் மூன்று வருடம் கழித்து வந்த ஆல்பத்தின் தலைவிதி அங்கேதான் எழுதப்பட்டது. 1996-இல் அமெரிக்காவில் வந்த தொலைத்தொடர்புச் சட்டம், ஒரு நிறுவனம் நாடு முழுக்க எத்தனை வானொலி நிலையங்கள் வைத்திருக்கலாம் என்ற உச்சவரம்பை எடுத்துவிட்டது. அதற்கு முன் 40 நிலையங்கள்தான் எல்லை. சில வருடங்களில் கிளியர் சேனல் என்ற ஒரே நிறுவனத்திடம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்கள் சேர்ந்துவிட்டன. எனவே இது பெருநிறுவனங்கள் மேலிருந்து நடத்திய தடை என்று பலர் எழுதினார்கள். 2003 ஜூலையில் செனட் குழு ஒன்று ஜான் மெக்கெய்ன் தலைமையில் க்யூமுலஸ் தலைவரையும் இக்குழுவின் மேலாளரையும் அழைத்து விசாரித்தது. மெக்கெய்ன் குடியரசுக் கட்சிக்காரர், போரை ஆதரித்தவர். ஆனாலும் தடை போட்டவர்களை விடாமல் கேள்வி கேட்டார்.

கேப்ரியல் ராஸ்மன் என்ற சமூகவியலாளர் நிலையங்களின் ஒலிபரப்புக் கணக்கை எடுத்து அலசி 2004-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். க்யூமுலஸ் விதிவிலக்கு, மற்றபடி பெருநிறுவனத்தின் கை என்பதைவிட அந்தந்த ஊர் நேயர்களின் கோபமே நிலையங்களைத் தள்ளியது என்பது அவர் கண்டது. இந்த முடிவு எனக்கு முதலில் பிடிக்கவில்லை. ஒரு முதலாளி மீது பழியைப் போடுவது எவ்வளவு எளிது! ஆனால் வானொலி எப்படி இயங்குகிறது என்று பார்த்தால் இது பொருந்தத்தான் செய்கிறது. ஒரு பாடலை எத்தனை பேர் விரும்புகிறார்கள் என்பது வானொலி நிரல் பொறுப்பாளரின் முதல் கவலை இல்லை. எந்தப் பாட்டு வந்ததும் எத்தனை பேர் நிலையத்தை மாற்றுவார்கள் என்பதே அவருடைய பயம். நூறு பேரில் எழுபது பேருக்குப் பிடித்து, பத்துப் பேர் கோபத்தோடு தொலைபேசியில் கூப்பிட்டால், அந்தப் பாட்டு போய்விடும். விளம்பரதாரருக்குப் பதில் சொல்ல வேண்டியது நிலையம்தானே. எழுபது பேரின் விருப்பத்துக்குச் சத்தம் கிடையாது.

இந்தப் புயலில் சில குரல்கள் எதிர்த்தும் வந்தன. மெர்ல் ஹேகர்ட், 1969-இல் போர் எதிர்ப்பாளர்களைச் சாடிய புகழ்பெற்ற பாடலைப் பாடியவர், இந்தப் பெண்களுக்காக வெளிப்படையாகப் பேசினார். அதிபர் புஷ்ஷோ, அவர்கள் மனதில் பட்டதைச் சொல்ல உரிமை உண்டு, ஆனால் மக்கள் தங்கள் இசைத்தட்டுகளை வாங்காவிட்டால் வருத்தப்படக் கூடாது, சுதந்திரம் இருவழிப் பாதை என்றார். அந்த ‘இருவழிப் பாதை’ என்ற சொல்லை அவர்களை எதிர்த்தவர்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். வாங்காமல் இருப்பது உரிமைதான். யாரும் கேட்க முடியாதபடி செய்வதும் உயிருக்கு மிரட்டல் விடுவதும் அதே பாதையில் எந்த இடத்தில் வருகின்றன என்று கேட்க ஆள் குறைவாக இருந்தது.

சரி, ஆல்பத்துக்கு வருவோம். மூன்று பேரும் கொஞ்ச காலம் ஒதுங்கி இருந்தார்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு லாஸ் ஏஞ்சல்ஸில் ரிக் ரூபினைத் தேடிப் போனார்கள். ராப், மெட்டல் என்று ஆரம்பித்து, 1994-இல் நாஷ்வில் கைவிட்டிருந்த பழம்பெரும் கன்ட்ரி பாடகர் ஜானி கேஷை வெறும் கிட்டாரோடு உட்காரவைத்து மறுபிறவி கொடுத்த தயாரிப்பாளர் அவர். அவர் பேச்சைக் கேட்டு இவர்கள் முதல் முறையாக எல்லாப் பாடல்களையும் தாங்களே, பிறரோடு சேர்ந்து, எழுதினார்கள். டான் வில்சன், கேரி லூரிஸ், ஷெரில் க்ரோ, நீல் ஃபின், கெப் மோ என்று உடன் எழுதியவர்களில் நாஷ்வில் பாட்டுத் தொழிற்சாலையைச் சேர்ந்தவர் யாரும் இல்லை. டிரம்ஸில் ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸின் சாட் ஸ்மித், கிட்டாரில் டாம் பெட்டி குழுவின் மைக் கேம்பல். பாஞ்சோவும் ஃபிடிலும் இருந்தன, ஆனால் முன்வாசலில் இல்லை. எழுபதுகளின் கலிஃபோர்னியா ராக்கின் வெயில் இந்த ஆல்பம் முழுக்க அடிக்கிறது.

அவர்கள் ஒரு முடிவெடுத்தார்கள். மூன்று வருடக் காயத்தைத் தடவி மறைக்கும் இனிய காதல் பாட்டை முதலில் விடாமல், சமாதானமாகப் போக நான் தயாரில்லை என்று சொல்லும் பாட்டை 2006 மார்ச்சில் முதலில் விட்டார்கள். டான் வில்சனோடு எழுதிய பாட்டு. மெதுவாகத் தொடங்குகிறது. அமைதியான கிட்டார், அடங்கிய குரல். தன் மகளுக்கு அந்நியரை வெறுக்கக் கற்றுக்கொடுக்கும் ஒரு தாயைப் பற்றியும், வாயை மூடிக்கொண்டு பாடு என்று எழுதி வந்த கடிதத்தைப் பற்றியும் வரும் நடுப்பகுதியில் அந்தக் குரல் வெடிக்கிறது. எத்தனை தடவை கேட்டாலும் அந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்க்கும். மன்னிக்கச் சொல்வது எளிது, மறக்கத்தான் முடியவில்லை என்று ஒரு பெண் வெகுஜன இசையில் இவ்வளவு நேராகச் சொன்னது அபூர்வம்.

பாட்டு வந்ததும் கன்ட்ரி வானொலிக்குப் பழைய கோபம் புதிதாகக் கிளம்பியது. சில நிலையங்கள் ஒலிபரப்பிப் பார்த்துவிட்டு நிறுத்தின, பல நிலையங்கள் தொடவே இல்லை. மே 23 அன்று ஆல்பம் வெளியானது. அதே மாதம் லாஸ் வேகஸில் நடந்த இன்னொரு கன்ட்ரி விருது விழாவைத் தொகுத்து வழங்கிய கன்ட்ரி பாடகி ரீபா மெக்கென்டயர் மேடையிலேயே இவர்களைக் கேலி செய்தார், அரங்கம் சிரித்தது. அதற்கு ஒரு காரணமும் இருந்தது.

‘டைம்’ வார இதழ் இவர்களை அட்டையில் போட்டிருந்தது. உள்ளே நேட்டலி தன் பழைய மன்னிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அது பலரும் எதிர்பார்த்ததுதான். உண்மையில் ஆழமாகக் கீறியது மார்ட்டி சொன்ன ஒரு வாக்கியம். தங்கள் சிடியை ரீபா, டோபி கீத் போன்ற கன்ட்ரி நட்சத்திரங்களின் சிடிகளோடு ஒரே பிளேயரில் போட்டுக் கேட்கும் பெருங்கூட்டத்தைவிட, தங்களைப் புரிந்துகொண்டு தங்களோடு சேர்ந்து வளரும் சிறிய ரசிகர் கூட்டமே போதும் என்ற பொருளில் அவர் பேசினார். காயப்பட்டவர் பேசிய பேச்சு என்று எனக்குப் புரிகிறது. ஆனால் 2003-இல் அண்டைவீட்டாரோடு சண்டை போட்டுக்கொண்டு, வேலையிடத்தில் கேலிக்கு ஆளாகி, அப்படியும் இவர்களை விடாமல் இருந்த கன்ட்ரி ரசிகர்களின் வீட்டில் ரீபாவின் சிடி நிச்சயம் இருந்தது. இனிமேல் நாங்கள் வேண்டாமா என்று அவர்கள் கேட்டார்கள். லண்டன் பேச்சு எதிரிகளை உண்டாக்கியது. இந்தப் பேச்சு நண்பர்களை வருத்தியது. ஆல்பத்தை ரசிகர்கள் எதிர்கொண்டதைப் பற்றி எழுதுபவர்கள் இந்த இரண்டாவது காயத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். அதைச் சேர்க்காமல் கணக்கு நேராகாது என்பது என் எண்ணம்.

விற்பனையைப் பார்ப்போம். முதல் வாரத்தில் 5,26,000 பிரதிகள் போய், பொதுப் பட்டியலிலும் கன்ட்ரி பட்டியலிலும் நேராக முதலிடம். வானொலி இல்லாமல் இது நடந்தது என்பது பெரிய விஷயம். அதேசமயம் ‘ஹோம்’ தன் முதல் வாரத்தில் ஏறக்குறைய 7,80,000 விற்றிருந்தது. ஆக இதை வெற்றி என்றும் சொல்லலாம், சரிவு என்றும் சொல்லலாம். அன்று இரு தரப்பும் தங்களுக்கு வேண்டியதைச் சொல்லிக்கொண்டார்கள். எண்ணுக்குப் பின்னால் நடந்திருப்பது வேறு. வாங்கியவர்களில் ஒரு பெரும் பங்கு புது ஆட்கள். வாழ்நாளில் கன்ட்ரி சிடி வாங்காத நகரத்துக்காரர்கள், போரை எதிர்த்தவர்கள், அந்தப் பெண்களின் துணிச்சலுக்காகக் கடைக்குப் போனவர்கள். பழைய ரசிகர்களில் பலர் போய்விட்டிருந்தார்கள்.

கச்சேரிப் பயணத்தில் இது பச்சையாகத் தெரிந்தது. ஒரு கச்சேரிக்கு டிக்கெட் விற்க அந்த ஊர் வானொலியின் தயவு வேண்டும். தெற்கு, நடுமேற்கு நகரங்கள் பலவற்றில் டிக்கெட் விற்காமல் கச்சேரிகள் ரத்தாயின, தள்ளிப்போயின. அந்த இடத்தைக் கனடா நகரங்கள் நிரப்பின, அங்கே அரங்கம் நிறைந்தது. சிடியை எந்த ஊரிலிருந்தும் ஒரு ஆள் தனியாக வாங்கிவிடலாம். இருபதாயிரம் இருக்கை உள்ள அரங்கத்தை நிரப்ப ஒரு ஊரே வேண்டும், அந்த ஊர்கள் இவர்களிடம் இப்போது இல்லை.

விமர்சகர்கள் பெரும்பாலும் பாராட்டினார்கள். முதல் பாடலின் பலத்தையும் நேட்டலியின் குரலையும் எல்லோரும் சொன்னார்கள். சகோதரிகள் இருவரும் பின்னணியில் தரும் இணைக்குரல் இவ்வளவு நெருக்கமாக முன்பு ஒலித்ததில்லை என்பது என் காதுக்கும் உண்மை. குறையாகச் சொல்லப்பட்டவையும் நியாயமானவை: பழைய குறும்பும் சிரிப்பும் இல்லை, நடுத்தர வேகப் பாடல்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன, பாஞ்சோவை இன்னும் கேட்டிருக்கலாம். இந்தக் குறைகளை நானும் ஒப்புக்கொள்கிறேன். ‘ஹோம்’ ஆல்பத்தில் மூச்சு வாங்க வைக்கும் வாசிப்பு உண்டு, இதில் அது அபூர்வம். ‘லப்பக் ஆர் லீவ் இட்’ பாட்டில் மட்டும் எமிலியின் விரல்கள் பழைய வேகத்தில் ஓடுகின்றன. நேட்டலி தன் சொந்த ஊரை நோக்கிக் கத்தும் பாட்டு அது. அதே ஊரில் பிறந்து, ராக் அண்ட் ரோலுக்காக உள்ளூரில் முகம் சுளிக்கப்பட்டு, இறந்த பிறகு சிலையும் பெருமையும் பெற்ற பட்டி ஹாலியின் நிழல் அந்தப் பாட்டில் விழுகிறது.

ஆனால் விமர்சனங்களைத் திரும்ப வாசித்தால் இன்னொன்று கண்ணில் படுகிறது. பெரும்பாலான கட்டுரைகள் லண்டனில் தொடங்கி, புஷ்ஷைத் தொட்டு, முதல் பாடலில் நீண்ட நேரம் நின்று, மற்ற பதின்மூன்று பாடல்களை ஓரிரு பத்தியில் தாண்டிவிடுகின்றன. காலமும் அதற்கு உதவியது. 2003-இல் போர் தொடங்கியபோது காலப் கருத்துக்கணிப்பில் 71 சதவீதம் வரை போன புஷ்ஷின் ஆதரவு, ஆல்பம் வந்த 2006 மே மாதத்தில் 31-க்கு இறங்கியிருந்தது. பேரழிவு ஆயுதங்கள் கிடைக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவர்கள் சொன்னது சரிதான் என்று ஒப்புக்கொள்ள நாட்டின் ஒரு பாதிக்கு ஒரு சந்தர்ப்பம் தேவைப்பட்டது, ஆல்பம் அந்தச் சந்தர்ப்பமாக ஆனது. அதே வருடம் பார்பரா காப்பிள், சிசிலியா பெக் இருவரும் இந்தக் கதையைச் சொல்லும் ஆவணப்படத்தையும் வெளியிட்டார்கள். அதன் விளம்பரத்தை ஒளிபரப்ப என்பிசி தொலைக்காட்சி மறுத்தது செய்தியானது.

கிராமி வாக்காளர்கள் இசைக்கு வாக்களித்தார்களா, பேச்சுக்கு வாக்களித்தார்களா என்ற கேள்வி அடுத்த நாள் காலையே எழுந்தது. விழாவில் இவர்களை மேடைக்கு அறிமுகப்படுத்தியவர் ஜோன் பயஸ், வியட்நாம் போர் எதிர்ப்பின் குரல். விழா எந்தப் பக்கம் நின்றது என்று சொல்ல அதுவே போதும். இன்றிரவு மக்கள் தங்கள் கருத்துச் சுதந்திரத்தைப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று நேட்டலியே விருதைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். என் பதில்: இரண்டுக்கும்தான். அந்தப் பாட்டு நல்ல பாட்டாக இல்லாவிட்டால் ஐந்து விருது வந்திருக்காது. லண்டன் நடக்காவிட்டாலும் வந்திருக்காது. விழா முடிந்த பிறகு பாட்டு பொதுப் பட்டியலுக்குத் திரும்பி 4-ஆம் இடம் வரை ஏறியது, ஆல்பம் மறுபடி முதல் பத்துக்குள் வந்தது. கன்ட்ரி வானொலி அப்போதும் அசையவில்லை. ஒரு விதத்தில் ஐந்து விருதுகள் அவர்களின் பிடிவாதத்தை இன்னும் இறுக்கின. பார்த்தீர்களா, அவர்கள் நம்மவர்கள் இல்லை, ஹாலிவுட்காரர்கள் என்று சொல்ல அது வசதியாயிற்று.

அடுத்த ஆல்பம் வர 2020 ஆனது. பதினான்கு வருடம். அதற்குள் ‘டிக்சி சிக்ஸ் ஆகிவிடாதே’ என்பது நாஷ்வில்லில் பெண் பாடகர்களுக்குச் சொல்லும் எச்சரிக்கையாகவே ஆகிவிட்டது. டெய்லர் ஸ்விஃப்ட் தன்னைப் பற்றிய 2020 ஆவணப்படத்தில், இளம் வயதில் தனக்கும் அது சொல்லப்பட்டதைப் பதிவு செய்திருக்கிறார். அதே 2020-இல், அடிமைமுறைக் காலத் தெற்கை நினைவூட்டும் ‘டிக்சி’ என்ற சொல்லைக் கைவிட்டு அவர்கள் வெறும் ‘த சிக்ஸ்’ ஆனார்கள். நடுவில் 2016-இல் கன்ட்ரி இசைச் சங்கத்தின் ஐம்பதாவது விருது விழாவில் கறுப்பினப் பாடகி பியான்சேயோடு சேர்ந்து பாடினார்கள். வரவேற்பைவிட எரிச்சலே அதிகம் வந்தது. அந்த பியான்சே 2024-இல் வெளியிட்ட ‘கௌபாய் கார்ட்டர்’ ஆல்பத்துக்கு அதே சங்கம் ஒரு பரிந்துரையும் தரவில்லை. 2025 கிராமியில் ஆண்டின் சிறந்த ஆல்பமும் சிறந்த கன்ட்ரி ஆல்பமும் அதுதான். காரணங்கள் வேறு, நிறமும் வரலாறும் அங்கே கூடுதலாக நிற்கின்றன. ஆனால் இரண்டு ஊர்களின் இரண்டு தீர்ப்பு என்ற அமைப்பு அப்படியே திரும்பி வந்தது.

எனக்கு இந்த ஆல்பத்தில் மிகவும் பிடித்தவை அந்தப் புகழ்பெற்ற பாட்டு வழியாக யாரும் போய்ச் சேராத பாட்டுகள். ‘சைலன்ட் ஹவுஸ்’ மறதி நோயில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும் ஒரு முதியவரைப் பற்றியது. ‘லல்லபை’ பிள்ளைகளுக்கான தாலாட்டு. ‘ஈஸி சைலன்ஸ்’, வெளியே உலகம் கத்திக்கொண்டிருக்கும்போது வீட்டில் ஒருவர் தரும் அமைதிக்கு நன்றி சொல்கிறது. அப்புறம் ‘சோ ஹார்ட்’. மார்ட்டியும் எமிலியும் குழந்தைக்காக வருடக்கணக்கில் சிகிச்சை எடுத்தவர்கள், அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசியவர்கள். மற்றவர்களுக்கு இயல்பாக நடப்பது நமக்கு மட்டும் ஏன் இவ்வளவு கஷ்டம் என்று கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக் கேட்கும் பாட்டு அது. கன்ட்ரி இசையில் காதல் உண்டு, கல்யாணம் உண்டு, பிரிவும் சாவும் உண்டு. குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதியின் அறையைத் திறந்து காட்டிய பாட்டு அதற்கு முன் நான் கேட்டதில்லை.

அமெரிக்கக் கன்ட்ரி வானொலி பல காலமாகக் குறிவைத்துப் பேசுவது இருபத்தைந்திலிருந்து ஐம்பத்துநான்கு வயது வரையுள்ள பெண்களிடம்தான். காலையில் வேலைக்குக் காரோட்டிப் போகும்போது, மருத்துவமனை வாசலில் காத்திருக்கும்போது வானொலியைப் போட்டுவைக்கும் பெண்கள். ‘சோ ஹார்ட்’ அவர்களுக்காக எழுதியது. 2006-இல் அந்த நிலையங்களைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு அப்படி ஒரு பாட்டு இருப்பது தெரியவர வழியே இருக்கவில்லை.